சுன்னத்து செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. வராதா? எங்கள் ஊர்ப் பேச்சும் நிஜமும்

கேட்கப்பட்ட கேள்வி: "சுன்னத்து செய்துகொண்டால் எச்.ஐ.வி. வராது என்கிறார்களே, உண்மையா? மலேசியாவில் மற்ற மதத்துத் தமிழர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?"

வராது என்பது பொய். வாய்ப்பு குறையும் என்பது உண்மை, அதுவும் ஒரே ஒரு வழியில் பரவுவதற்கு மட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எங்கள் ஊரில் பாதிப் பேர் பேசுகிறார்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். ரப்பர், செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள்தான் எங்களிடம் அதிகம். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை வந்தால் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் கைலியை முன்பக்கம் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், கிண்டல் செய்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அது அவர்கள் சடங்கு, நமக்கென்ன என்ற நினைப்பு. நம் வீட்டுப் பையனுக்கு மருத்துவக் காரணத்துக்காகச் செய்ய வேண்டிவந்தால்தான் பிரச்சினை. முன்தோல் இறுக்கமாகி மூத்திரம் போகவே கஷ்டப்பட்ட ஒரு பையனின் அம்மா, டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு என் கவுண்டரில் வந்து நின்று, "தம்பி, இதச் செஞ்சா பேப்பர்ல இஸ்லாம்னு எழுதிட மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை, இந்த நாட்டில் மதமாற்ற வழக்குகள் எப்படியெல்லாம் போயிருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள், இது வெறும் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினேன். அக்கம்பக்கத்தில் பையனுக்குக் குடலிறக்கம் என்று சொல்லிக்கொண்டார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும், பையன் நன்றாக இருக்கிறான்.

இன்னொரு கூட்டம் இளவட்டங்கள். வாட்ஸ்அப்பில் எதையோ படித்துவிட்டு, செய்துகொண்டால் ஆணுறையே வேண்டாமாமே என்று கேட்பவர்கள். இவர்களுக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சி நடந்தது ஆப்பிரிக்காவில். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராகாய் ஆகிய மூன்று இடங்களிலும், நோய் இல்லாத ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே செய்துவிட்டு, இன்னொரு பிரிவைக் காத்திருக்கச் சொல்லி, யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்தார்கள். முதல் முடிவு 2005-இல், மற்ற இரண்டும் 2007-இல் வெளிவந்தன. வாய்ப்பு பாதிக்குப் பாதியோ சற்றுக் கூடுதலாகவோ குறைந்தது. கிசுமுவில் மொத்தம் 2784 பேர், இரண்டு வருடத்தில் செய்துகொள்ளாத பிரிவில் 47 பேருக்குத் தொற்று, செய்துகொண்ட பிரிவில் 22 பேருக்கு. அந்த 22 பேரைத்தான் வாட்ஸ்அப் செய்தி சொல்லாமல் விட்டுவிடுகிறது. முன்தோலின் உள்பக்கம் மெல்லியது, கிருமி பிடித்துக்கொள்ளும் செல்கள் அங்கே நிறைய இருக்கின்றன, அதை எடுத்துவிட்டால் நுழைவது கடினமாகிறது, நின்றுவிடுவதில்லை. அதுவும் பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவதற்குத்தான் இந்தக் கணக்கு. நோய் உள்ள ஆண் செய்துகொண்டால் மனைவிக்குப் பரவாமல் இருக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, புண் ஆறுவதற்குள், அதாவது ஆறு வாரத்துக்குள், உறவு கொண்டால் ஆபத்து கூடவே செய்யும்.

2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைச் சிபாரிசு செய்ததும் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா போல ஆண்-பெண் உறவு வழியாக ஊரெல்லாம் நோய் பரவிக் கிடந்த, ஆண்கள் பெரும்பாலும் செய்துகொள்ளாத இடங்களுக்குத்தான். ஆணுறையோடு சேர்த்து, அதற்குப் பதிலாக இல்லை.

கிசுமு கதை எனக்குப் பிடித்தது. அங்கிருக்கிற லுவோ மக்களுக்கு இது வழக்கமில்லை. பக்கத்து இனத்தார் செய்துகொள்கிறார்கள், இவர்கள் பழைய காலத்தில் கீழ்வரிசைப் பல்லைப் பிடுங்குவதைத்தான் சடங்காக வைத்திருந்தார்கள். "செய்துகொண்டால் நாம் லுவோவா, வேறு ஆளா?" என்ற பேச்சு அங்கேயும் எழுந்தது, பெரியவர்கள் எதிர்த்தார்கள். அப்போது பிரதமராக இருந்த ரைலா ஒடிங்கா, அவரும் லுவோதான், இது சடங்கில்லை, வைத்தியம் என்று வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். அதன் பிறகு நிறையப் பேர் முன்வந்தார்கள். எங்கள் கவுண்டரில் நின்ற அந்த அம்மாவுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள்.

சரி, மலேசியாவுக்கு வருவோம். இங்கே முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல். 2002-இல் மட்டும் ஏறக்குறைய 7000 புதிய பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் போதை ஊசி போட்டவர்கள், அவர்களில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே சுன்னத்து முடிந்தவர்கள். ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போகிறது, அங்கே முன்தோலுக்கு என்ன வேலை? அதைக் குறைத்தது 2005-க்குப் பிறகு வந்த, போதை ஊசிக்குப் பதிலாக வாய்வழியாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தும், புது ஊசி மாற்றிக் கொடுக்கும் திட்டமும்தான். இன்றைக்குப் புதிதாக வருவது பெரும்பாலும் உடலுறவு வழியாக, அதிலும் ஆண்களுக்கு இடையிலான உறவு பெரிய பங்கு. ஆப்பிரிக்கக் கணக்கை இங்கே அப்படியே தூக்கிப் போட முடியாது.

ஆகவே உங்களுக்கு முன்தோல் இறுக்கமோ அடிக்கடி புண்ணோ இருந்தால் தாராளமாக அறுவை மருத்துவரைப் பாருங்கள், யாரிடமும் குடலிறக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி. பயத்துக்காக மட்டும் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த ஒரு நாள் லீவை ரத்தப் பரிசோதனைக்குப் போடுங்கள். அரசாங்க கிளினிக்கில் எடுக்கலாம். நோய் இருந்தாலும் மாத்திரை உண்டு, ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் 2023 முதல் சில அரசாங்க கிளினிக்குகளில் கொடுக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் ஈப்போவுக்கு பஸ் ஏறிவிடுங்கள். சந்தேகமான உறவு நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.