இடக்கைக்காரன் வலக்காலைத்தான் முன்னால் வைக்க வேண்டுமா?

வயது 24, உயரம் 5 அடி 6 அங்குலம், இடக்கைப் பழக்கம், பாக்சிங் சேர்ந்து மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். சவுத்பாவாக, அதாவது வலக்காலையும் வலக்கையையும் முன்னால் வைத்து நிற்க வேண்டும், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மேவெதர் போல முன்கையை (முன்னால் நிற்கும் கையை) தாழ்த்தித் தோளால் குத்தைத் தள்ளிவிடும் ‘ஃபிலி ஷெல்’ கார்டையும், அதாவது அந்தத் தற்காப்பு நிலையையும் பழக வேண்டும் என்பது உங்கள் ஆசை. வாத்தியாரோ “கையை மேலே தூக்கு” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை, அவர் பழைய காலத்து மனிதர் என்பதாலா என்று கேட்கிறீர்கள்.

இல்லை தம்பி. நீங்கள் ஆசைப்படும் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அவர் அதை விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேவெதர் ஆர்த்தடாக்ஸ், அதாவது இடக்கால் முன்னால். எதிரே நிற்பவரும் ஆர்த்தடாக்ஸ் என்றால் அவருடைய வலது நேர்க்குத்து மேவெதரின் இடது தோளைத் தாண்டித்தான் தாடைக்கு வர வேண்டும். அங்கே தோள் தயாராக இருக்கிறது. குத்து பட்டு வழுக்கிப் போகிறது. நீங்கள் சவுத்பாவாக நின்றால் உங்கள் எதிரே வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ்தான். அவர்களுடைய வலது குத்து உங்கள் முன்தோளுக்கு வெளியிலிருந்து வராது, மார்புப் பக்கத்தின் திறந்த வாசல் வழியாக நேராக உள்ளே வரும். தோள் ஒரு பக்கம், குத்து மறுபக்கம். அந்த கார்டு மிகவும் பலவீனமாக இருக்கும் இடத்தைத் தேடிப்போய் நிற்கப் பார்க்கிறீர்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நானும் இடக்கைக்காரன். வடசென்னைப் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். எழுதுவது, கேரம் ஆடுவது, கல்லெறிவது எல்லாமே இடக்கைதான். சோற்றில் மட்டும் வீட்டில் விடமாட்டார்கள். பாக்சிங் கற்றுக்கொள்ளப் போனபோது கூட இருந்த அண்ணன்கள் எல்லோரும் “நொட்டாங்கைக்காரன், வலக்காலை முன்னால் வை” என்று முடிவே செய்துவிட்டார்கள். வாத்தியார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. தெருவில் தண்ணீர்க் குடங்கள் ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. “போய் அதைத் தள்ளுடா” என்றார். தள்ளினேன். நிறுத்தச் சொன்னார், மறுபடி தள்ளச் சொன்னார். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, குனிந்து காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வலக்கால் பின்னால் ஊன்றி உதைத்தது, இடக்கால் முன்னால் போனது. “இவன் ஆர்த்தடாக்ஸ்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்படித்தான் நின்றேன். சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். முன்காலின் பெருவிரலும் பின்காலின் குதிகாலும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு தட்டுக்கே சாய்ந்துவிடுவோம். பின்காலின் குதிகாலுக்கு அடியில் ஒரு காலித் தீப்பெட்டியைப் படுக்க வைப்பார். ஒரு ரவுண்டு முழுக்க அந்தக் கால் பெட்டியை நசுக்காமல் குத்த வேண்டும். நசுங்கினால் புதுப் பெட்டி, புது ரவுண்டு. தாடைக்கும் மார்புக்கும் நடுவில் மடித்த கைக்குட்டை. அது விழுந்தாலும் அதே தண்டனைதான். கையை எங்கே வைப்பது என்பதைக் காலும் தாடையும் நிலைத்த பிறகுதான் சொல்லிக்கொடுத்தார். இன்று வீடியோ பார்த்துக் கற்கும் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கையில் தொடங்கிக் காலை மறந்துவிடுகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் கேள்வியில் கால் என்ற சொல்லே இல்லை.

பலமான கையை முன்னால் வைத்தால் வீண்தானே என்று கேட்பீர்கள். ஒரு சண்டையில் அதிகம் வேலை செய்வது முன்கைதான். நேராக நீட்டிக் குத்தும் ஜாப், முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் ஹூக் இரண்டும் அதற்குத்தான். பார்சிலோனா 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஆஸ்கர் டி லா ஹோயா இயல்பில் இடக்கைக்காரர், நின்றது ஆர்த்தடாக்ஸ். அவருடைய ஜாபும் இடது ஹூக்கும் எப்படி இருக்கும் என்று பழைய சண்டைகளில் பாருங்கள். எனக்கும் இடது ஹூக்தான் சோறு போட்டது. தொண்ணூறுகளில் ஒரு மாநிலப் போட்டியில் என்னைவிட நல்ல உயரமான ஒரு பையன் எதிரே வந்தான். முதல் ரவுண்டு முழுக்க ஜாப். நான் இரண்டு கையையும் கன்னத்தருகே வைத்து, வரும் ஜாபை வலது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டே இருந்தேன். பார்ப்பவர்களுக்கு நான் ஒன்றும் செய்யாதது போலத் தெரிந்திருக்கும். மூலையில் வாத்தியார் சொன்னது ஒரே வாக்கியம்: “வலதைப் போடும்போது அவன் முழங்கை எங்கே போகிறது பார்.”

கல்லீரல் உடம்பின் வலப்பக்கம், விலா எலும்புகள் முடியும் இடத்தில் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸாக நிற்பவனுக்கு வலது முழங்கைதான் அதற்குக் காவல். அவன் வலதை நேராக வீசினால் காவல் கிளம்பிப் போய்விடுகிறது. இரண்டாவது ரவுண்டில் அவன் வலதை வீசினான். நான் இடப்பக்கம் சாய்ந்து அதைக் காதோரம் போகவிட்டேன். சாய்ந்ததிலேயே எடை முழுவதும் இடக்காலுக்கு வந்திருந்தது, அங்கிருந்து இடது ஹூக் விலாவுக்கு அடியில் போனது. கல்லீரலில் பட்ட குத்து உடனே வேலை காட்டாது. அவன் ஒரு அடி பின்னால் நடந்தான், இன்னொரு ஜாபுக்குக் கையைத் தூக்கினான், பிறகுதான் முழங்கால் மடிந்தது. நடுவர் பத்து எண்ணும்வரை மூச்சை இழுக்க முடியாமல் மண்டியிட்டிருந்தான். நல்ல பையன், பிறகு நண்பனாகிவிட்டான். அந்த ஹூக் என் இயல்பான கை. அதைப் பின்னால் வைத்திருந்தால் அங்கே போயிருக்காது.

உடனே சிலர் வருவார்கள், “மேரி கோம் சவுத்பாதானே, ஆறு முறை உலக சாம்பியன் ஆகவில்லையா” என்று. ஆனார், நான் மறுக்கவே இல்லை. சவுத்பாவுக்குப் பெரிய லாபம் உண்டு: எதிராளிகளுக்கு அந்தப் பக்கம் பழக்கமே இருக்காது, உங்களுக்கோ அவர்கள் பக்கம் தினமும் பழக்கம். முன்காலை அவர்கள் முன்காலுக்கு வெளியே வைத்தால் உங்கள் இடது நேர்க்குத்துக்கு வழி திறக்கும். நஷ்டமும் உண்டு: வலப்பக்கம் முன்னால் வருவதால் கல்லீரல் எதிராளியின் இடது ஹூக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஆகவே இடக்கைக்காரர்கள் எல்லோரும் ஆர்த்தடாக்ஸாக நில்லுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். எழுதும் கை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை என்கிறேன். எந்தக் கால் ஊன்றி உதைக்கிறது என்று பாருங்கள். உங்கள் வாத்தியாருக்கு சவுத்பாவுக்கு பேட் (குத்துகளை வாங்கும் பயிற்சி மெத்தை) பிடித்துச் சொல்லித்தரும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் வருடம் தடுமாற்றத்திலேயே போகும்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எடையைச் சொல்லவில்லை. 5 அடி 6 அங்குலம் என்பது 54 கிலோவில் நல்ல உயரம், 75 கிலோவில் குள்ளம். உயரமானவர் என்றால் முன்கையை நீட்டித் தூரத்தைக் காக்கும் கார்டுக்குப் பிற்பாடு போகலாம். குள்ளம் என்றால் நீங்கள்தான் உள்ளே நுழைய வேண்டும், அதற்கு இரு கையும் கன்னத்தருகே இருந்தே தீர வேண்டும். இரு கையையும் கன்னத்தருகே வைக்கும் பீக்கபூ முறையைப் பயிற்சியாளர் கஸ் டமாட்டோவிடம் கற்றே ஃபிளாய்ட் பேட்டர்சன் 1956-ல் 21 வயதிலும், டைசன் 1986-ல் 20 வயதிலும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்கள். ஆனால் அதில் கை பாதிதான், மீதி தலை அசைவு. கயிறு கட்டி அதன் இரு பக்கமும் தலையைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பயிற்சி இல்லாமல் கையை மட்டும் தூக்கி நின்றால் அது பீக்கபூ ஆகாது.

எந்த எடையானாலும் முதலில் சாதாரண உயர்ந்த கார்டுதான். விரல் முட்டிகள் புருவத்தருகே, கிளவுஸ் கன்ன எலும்பைத் தொட்டபடி, முழங்கை விலாவில். கிளவுஸைக் கன்னத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் எதிராளி அதன் மேல் குத்துவான், உங்கள் கிளவுஸே உங்கள் மூக்கை உடைக்கும். கண்ணை மறைத்தால் ஹூக் வருவது தெரியாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பயிற்சியில் நீங்கள் போடும் 16 அவுன்ஸ் கிளவுஸ் முகம் முழுவதையும் மறைக்கும். அமெச்சூர் போட்டியில் எடைப்பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12 அவுன்ஸ்தான், இடைவெளி எல்லாம் திறந்துவிடும். ஆகவே கிளவுஸின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் உள்ளங்கையில் வாங்கவும் நகரவும் இப்போதே பழகுங்கள்.

கையைத் தாழ்த்தும் ஆசை எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. முகமது அலி 1980-ல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். என் அப்பா நேரில் பார்த்தவர். அதற்குப் பிறகு வடசென்னையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கையைத் தொங்கவிட்டு ஆட ஆரம்பித்து, வாத்தியார்களிடம் உதை வாங்கியதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அலி ஆறேகால் அடி, அந்த உயரத்தில் அந்தக் கால் வேகம். அமெரிக்கச் சாம்பியன் ராய் ஜோன்ஸும் கையைத் தாழ்த்தி வருடக்கணக்கில் ஆண்டார், 2004-ல் அன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது ரவுண்டில் சாய்த்துவிட்டார்.

நான் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் இல்லை என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான். வேலை முடிந்து வந்து மாலையில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன், காசு வாங்குவதில்லை. இதைச் செய்வதற்கு இந்த ஊர் தரும் மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டில் அட்வான்ஸ்வரை பேசி முடித்தாயிற்று. வண்டியின் பின்னால் தொங்கிய கிளவுஸைப் பார்த்ததும் “குடும்பத்தோடு இருக்கிறோம், வம்பு வேண்டாம்” என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். கிரிக்கெட் மட்டையைக் கொண்டுபோனால் காபி கொடுத்திருப்பார்கள். என் மகளும் பயிற்சிக்கு வருகிறாள், அவள் காதில் இது விழுந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. குத்துச்சண்டைக்காரன் குடியிருக்க மட்டும் வீடு கிடையாது.

கேள்விக்கு வெளியே போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது: பல் கார்டு இல்லாமல் ஸ்பேரிங் (பயிற்சிச் சண்டை) செய்ததாகச் சொல்கிறீர்கள், ஹெட்கார்டு போட்டிருந்ததால் பயமில்லை என்கிறீர்கள். ஹெட்கார்டு புருவம் கிழிவதைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013-ல் சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் சீனியர் ஆண்களுக்கு அதை எடுத்தே விட்டார்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சு எடுக்கும் பல் கார்டு பெரியமேட்டு விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கும்வரை யாருடனும் ஸ்பேரிங் வேண்டாம். வாத்தியாரிடமும் சொல்லிவிடுங்கள்.