தட்டைத்தலைக் கெளுத்தி ஆற்றில் எங்கே, எப்படி முட்டையிடும்?

"ஜூன் பிறந்ததும் பெரிய தட்டைத்தலைக் கெளுத்திகள் தூண்டிலில் விழுவதே இல்லையே, எங்கே போய் முட்டையிடுகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறேன், விடுமுறை நாளென்றால் ஆற்றங்கரைதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொந்துக்குள் போகின்றன. திறந்த மணலில் முட்டையிடும் மீன் இல்லை இது. சுற்றிலும் அடைத்து, வாசல் மட்டும் திறந்திருக்கும் இருட்டிடம் வேண்டும். வெள்ளம் அரித்துக் குடைந்த களிமண் கரை, மூழ்கிய மரத்தின் வேர்ச்சிக்கல், உள்ளே உளுத்துப்போன அடிமரம், பாறை இடுக்கு, கரையைக் காக்கக் கொட்டிய கற்களின் சந்து, இவையெல்லாம் அதற்குப் பிடித்தவை. அதனால்தான் ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களைக் குப்பை என்று இழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கப்பல் போக்குவரத்துக்காக மிசௌரி ஆற்றிலிருந்து அப்படி அகற்றிய மரங்களுக்குக் கணக்கே இல்லை.

குளிர்காலத்தை ஆழமான மடுவில் கழிக்கும் மீன்கள், வசந்தத்தில் தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் இடம் தேடி நகரும். துணையாறுகளுக்குள் ஏறுவதும் உண்டு. மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை, தண்ணீர் ஏறத்தாழ 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது சினை விடும்.

பொந்து கிடைத்ததும் வாயாலும் வாலாலும் வண்டலைத் தள்ளித் துப்புரவாக்கும். கோடையில் தண்ணீர் வற்றிய ஒரு துணையாற்றங்கரையில் இப்படி ஒரு பொந்தைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த குழிகளிலெல்லாம் சேறும் இலைச்சருகும் அடைத்துக் கிடந்தன. இது ஒன்றில் மட்டும் தரை வழுவழுவென்று, வெறுங் களிமண்ணாக இருந்தது. வாசலைவிட உள்ளே அகலம் அதிகம்.

ஜோடி சேர்ந்ததும் ஆண் தன் வயிற்றைப் பெண்ணோடு உரசும், வாலை அதன் தலையைச் சுற்றி வளைத்து நடுங்கும். பெண் ஒரு தடவைக்கு 30, 50 முட்டைதான் விடும். ஆண் உடனே விந்தைப் பாய்ச்சும். இப்படியே திரும்பத் திரும்ப நடந்து, கடைசியில் மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரே பிண்டமாகத் திரண்டிருக்கும். பெரிய மீன் என்றால் ஒரு லட்சம் முட்டை வரை இருக்கும்.

பிறகு ஆண் பெண்ணை விரட்டிவிட்டுத் தனியாகக் காவல் இருக்கும். நம்மூர் விரால் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு காவல் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தப் பொறுப்பு முழுக்கத் தகப்பனுடையது. பிண்டத்தின் நடுவிலுள்ள முட்டைக்கும் காற்று போக வேண்டும் என்பதால் துடுப்பாலும் வாலாலும் விசிறிக்கொண்டே இருக்கும். விசிறாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுகள் சில நாள் பொந்தருகே கூட்டமாக இருந்துவிட்டுப் பிரியும். சலசலவென்று ஓடும் ஆழமற்ற நீரில், கல்லுக்கடியில் பூச்சிப்புழுக்களைத் தின்று வளரும்.

காவலில் இருக்கும் ஆண் இரை தேடி அலையாது. உங்கள் தூண்டில் சும்மா கிடக்க அதுதான் காரணம். ஆனால் வாசலுக்குள் எது நுழைந்தாலும் கடிக்கும். அதை நம்பித்தான் பொந்துக்குள் கையை விட்டு, கடித்ததும் தாடையைப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். டெக்சாஸ் 2011-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. மிசௌரியில் 2005-இல் சில ஆறுகளில் சோதனையாக விட்டுப் பார்த்து, 2007-இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். தகப்பனை இழுத்துவிட்டால் அந்தப் பொந்திலிருக்கும் முட்டை முழுவதும் மற்ற மீன்களுக்கு இரைதான்.

ஆகஸ்ட் பாதிக்குமேல் போய்ப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு, அதே மூழ்கிய மரங்களுக்குப் பக்கத்தில் உயிருள்ள சிறு மீனை இரையாக இறக்குங்கள். காவல் முடிந்து பசியோடு வெளியே வந்திருக்கும்.