கடல் மண்ணில் ஓடு பொறுக்கும் படிப்புக்கு வேலை உண்டா?

அம்மா, நேற்று கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள். "காசிமேட்டு மண்ணுல ஓடு பொறுக்குற படிப்புக்கு யாரு சார் வேலை குடுப்பா?" உங்கள் பொண்ணு பாப்பா சேர நினைக்கும் ஜியாலஜி, அதாவது பாறை, மண் பற்றிய படிப்பைத்தான் கேட்டீர்கள். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதான் எழுதுகிறேன்.

பாப்பா பொட்டலத்தில் கொண்டுவந்த மணலை நானும் லென்ஸில் பார்த்தேன். சர்க்கரைப் பரல் மாதிரி மணல், நடுவில் நத்தை போல சுருண்ட ஒரு வெள்ளை ஓடு. அது பூச்சி இல்லை, ஃபொராமினிஃபெரா. ஒரே செல் உள்ள உயிர், சுண்ணாம்பில் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும். ஆழ்கடலில் செத்ததெல்லாம் அடியில் படிந்து படிந்து, ஆயிரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் கனத்துக்குச் சேறாகச் சேரும். எகிப்து பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல்லிலும் இதே வகை உயிர்களின் பெரிய ஓடுகள் கிடக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் கல்தூளில் பெரிய சிப்பியெல்லாம் நொறுங்கிப்போகும், இந்த ஓடு பொடிசாக இருப்பதால் முழுசாகத் தப்பிவிடும். ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி ஓடு என்பதால், அதைப் பார்த்தே பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். ஓஎன்ஜிசி மாதிரி நிறுவனங்களுக்கு இந்தக் கண் வேண்டும். பழைய காலத்துக் கடலின் சூட்டை இதே ஓட்டில் உள்ள ஆக்சிஜனை வைத்துக் கணிக்கிறார்கள், கோவா தேசிய கடலியல் நிறுவனம் போன்ற இடங்களில் அந்த ஆராய்ச்சி நடக்கிறது.

பொண்ணு கப்பலிலேயே கிடக்கணுமோ என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் லேபில் மேசை வேலைதான். சேற்றை மெல்லிய சல்லடையில் அலசிக் காயவைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்கணும். கழுத்து வலிக்கும், பொறுமை வேண்டும். பாப்பாவுக்கு அது இருக்கிறது, நான் பார்த்தேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. ஜியாலஜி மட்டும் முடித்தால் இந்த வேலை கிடைப்பது கஷ்டம். எம்.எஸ்சி. வரை அஞ்சு வருஷம் தாங்கணும். அதற்கப்புறம் யுபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போனால் இன்னும் சில வருஷம். மாநிலக் கல்லூரியிலேயே ஜியாலஜி இருக்கிறது, அரசுக் கல்லூரி என்பதால் ஃபீஸ் உங்களை நசுக்காது. ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வந்து பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே மார்க் ஷீட்டோடு பாப்பாவைக் கூட்டிவாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து போட்டுவிடலாம்.