விசாரணைக் குழுவில் ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டில் ஒரு மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவன் நான். இப்போது சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பாதர்கள் இல்லையென்றால் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் என் வகுப்புத் தோழன் ஒருவன், ஏழாம் வகுப்பில் விடுதிப் பொறுப்பாளராக இருந்த பாதர் தனக்குச் செய்ததை எழுதினான். பள்ளியை நடத்தும் துறவற சபையின் மாநிலத் தலைவர் உடனே ஒரு விசாரணைக் குழுவை அமைத்துவிட்டார். இரண்டு பாதர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பழைய மாணவர்கள் சார்பில் நான். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்புக்கொள்ளலாமா? சிறுபான்மை நிறுவனங்களைக் குறிவைத்திருப்பவர்களுக்கு இது ஆயுதமாகிவிடாதா? ஒருவரின் தவறுக்காக இத்தனை ஆண்டுத் தொண்டையும் மறப்பது நியாயமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்ல முடியுமா? முப்பது வருடம் ஆகிவிட்டதே, சட்டத்தில் இடமுண்டா? அந்தப் பாதருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வளாகத்திலேயே வயதான குருக்கள் இல்லத்தில் இருக்கிறார், மாலையில் போர்டிங் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்.

பள்ளியின் நூற்றாண்டு மலருக்குத் தாங்கள் ஒரு கட்டுரை தர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் பாதியாகச் சுருக்கி, ஊரையும் ஆண்டையும் நீக்கி வெளியிட்டிருக்கிறேன். மிஷன் சங்கங்கள் தங்கள்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை எப்படிக் கையாண்டன என்பதைப் பற்றிய விசாரணை அறிக்கைகளைச் சில காலமாகப் படித்துவருகிறேன். அவற்றை மூடிவைத்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில்.

முதலில் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழுக் கடிதத்தில் நிறுவனத்துக்கு மூன்று பக்கம், உங்கள் தோழனுக்கு நான்கு வரி. அவர் இப்போது எப்படியிருக்கிறார், தூங்குகிறாரா, அவர் மனைவிக்குத் தெரியுமா, எழுதியபின் அந்தக் குழுவில் யாராவது அவரிடம் ஆறுதலாகப் பேசினார்களா என்பது எதையும் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு ஈரமில்லை என்று நான் சொல்லவில்லை. சோறு போட்ட வீட்டின்மேல் உள்ள விசுவாசம் உங்கள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பவிடவில்லை.

மலருக்குக் கட்டுரை தரமாட்டேன். தொண்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. வறண்ட இந்தச் சீமையில் மிஷன் பள்ளிகள் செய்ததை மறுப்பவன் மூடன், ஆனால் அது ஒரு சிறுவனின் உடம்பை ஈடாக வைத்து வாங்கிய கடன் அல்ல. எதிரிகளைப் பற்றிய கவலைக்கும் ஒரு செய்தி போதும். 2002 ஜனவரியில் பாஸ்டன் நகரப் பத்திரிகை கத்தோலிக்க மறைமாவட்டத்தின் மூடிமறைப்பை வெளியிட்டபோது, அதற்கு வலுவான சான்றாக அமைந்தவை அந்த மறைமாவட்டமே எழுதிப் பூட்டிவைத்திருந்த கோப்புகள். கேகன் என்ற குருவைப் பற்றி மட்டும் 130 பேருக்கு மேல் முறையிட்டிருந்தார்கள். பங்கு மாற்றிப் பங்கு மாற்றி அவரை அனுப்பிக்கொண்டேயிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அந்த மறைமாவட்டத்தின் தலைவரான கர்தினால் பதவி விலகினார். பூட்டிவைத்தவர்கள் எல்லாரும் அந்தச் சபையின் பிள்ளைகள்தான், எதிரிகள் அல்ல.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி நீங்கள் கேட்டது இந்த விஷயத்தில் எழவேயில்லை. உங்கள் தோழன் சொன்னது வாட்ஸப்பில்.

இனி அந்த அறிக்கைகள். வங்கதேசத்தில் சிட்டகாங்குக்குத் தெற்கே மாலும்காட் என்ற இடத்தில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் ஒன்று மருத்துவமனை நடத்தியது. அங்கே பெயர்பெற்ற மருத்துவராக இருந்த டான் கெச்சம் மிஷனரிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைச் சீரழித்தது 1989இல் வெளிப்பட்டபோது அவளுக்கு வயது 14. மிஷன் அனுப்பிய ஆலோசகர்கள் அந்தச் சிறுமியை உட்காரவைத்து விசாரித்தார்கள். முடிவில் அவளையும் பாவத்தில் பங்காளியாக்கும் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மருத்துவர் மிஷனிலிருந்து விலக்கப்பட்டு அமெரிக்கா திரும்பி, 2012 வரை மிச்சிகனில் மருத்துவம் பார்த்தார். பாதிக்கப்பட்டவர்கள் வளர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கியதும் 2011இல் மிஷன் ஒரு வெளி அமைப்பை விசாரணைக்கு அமர்த்தியது. விசாரணை முடியும் முன்பே, 2013இல், அதை விலக்கிவிட்டு வேறொரு நிறுவனத்தை அமர்த்தியது. உண்மை முழுதாக அச்சில் வர 2016 ஆகிவிட்டது. செனகலில் ஃபாண்டா என்ற இடத்தில் இன்னொரு மிஷன் நடத்திய விடுதிப் பள்ளியைப் பற்றி 2010இல் வந்த அறிக்கையும் இதே வகைதான்: தாங்கள் வாய் திறந்தால் பெற்றோரின் ஊழியம் கெட்டுவிடும் என்ற அச்சத்திலேயே அங்கே பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

தூரத்துக் கதை என்று தோன்றினால் நம் மலைக்கு வாருங்கள். ஊட்டி மறைமாவட்டத்திலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் பணிக்குப் போன ஒரு குருவானவர்மீது அங்கே சிறுமிகளைச் சீரழித்ததாக வழக்குப் பதிவானது. அவர் இங்கே திரும்பிவந்து, மறைமாவட்ட அலுவலகத்தில் பள்ளிகள் சார்ந்த வேலையிலேயே அமர்ந்திருந்தார். 2012இல் கைதாகி, 2014இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2016இல் அவர்மேலிருந்த இடைநீக்கத்தை மறைமாவட்டம் ரத்து செய்தது, வத்திக்கானைக் கலந்துகொண்டே. நம் தமிழ்க் கத்தோலிக்கர்களில் எத்தனை பேர் அதைப் பற்றி ஒரு கடிதமாவது எழுதினார்கள்?

இந்தப் பழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று குதிப்பவர்களுக்காக எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். நான் ஒரு மிஷன் பள்ளியில் வீட்டிலிருந்து போய்ப் படித்தவன். என் வகுப்பில் காளையார்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் விடுதியில் தங்கியிருந்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். இரண்டாம் கட்டில் வாழையிலை போட்டு அப்பத்தா பரிமாறுவார்கள். ஒருநாள் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் எச்சில் இலையை ஓரத்திலிருந்து நார் நாராகக் கிழித்துக்கொண்டே இருந்தான். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அப்பத்தா அவனிடம் என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு அப்பச்சி பள்ளி நிர்வாகியைப் பார்க்கப் போனார்கள். மறுநாள் அவரே காரில் வந்து எங்கள் முகப்பில் உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் கூடினார்கள், காப்பி வந்தது, பள்ளிக்கூடத்தின் பெயரைப் பற்றியும் ஊரின் பெயரைப் பற்றியும் நெடுநேரம் பேசினார்கள். பையனின் தகப்பனுக்கு ஆளனுப்ப வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் அந்த விடுதிக் காப்பாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பிரிவுபசார விழா நடந்தது. விடுதி மாணவர்கள் சார்பில் மாலை போடச் சொல்லி மேடைக்கு அனுப்பப்பட்டவன் அந்தப் பையன்.

காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று அப்பச்சி வீட்டுக்குள் வந்து சொன்னபோது அப்பத்தா கேட்டது: “அவன் போற ஊருல புள்ளைக இல்லையாப்பா?”

எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷி கேட்ட கேள்வியை, பட்டம் பெற்ற பேராயர்களும் மாநிலத் தலைவர்களும் சட்ட ஆலோசகர்களும் நிறைந்த ஓர் அவை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள எத்தனை ஆண்டு எடுத்தது என்பதைத்தான் அந்த அறிக்கைகள் எல்லாம் சொல்கின்றன. அந்த முகப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் மிஷனைச் சேர்ந்தவர் ஒருவர்தான், மற்ற அனைவரும் நெற்றி நிறைய விபூதி பூசியவர்கள். வளவுக்குள் பேசி முடிப்பதைப் பெருமையாக நினைக்கும் ஊர் இது. சொத்துத் தகராறுக்கும் கல்யாணப் பேச்சுக்கும் அது சரி. குற்றத்துக்குச் சரியில்லை.

உங்கள் குழுவுக்கு வருகிறேன். இரண்டு பாதர்களும் ஒரு தலைமையாசிரியரும் ஒரு மென்பொருள்காரரும் சேர்ந்து எதை விசாரிக்கப்போகிறீர்கள்? தடயம் திரட்ட உங்களுக்குத் தெரியாது. சாட்சியை வரவழைக்க உங்களுக்கு அதிகாரமில்லை. பொய் சொல்பவரைத் தண்டிக்க உங்களால் முடியாது. உங்களால் முடிவது இரண்டுதான்: பாதிக்கப்பட்டவரை அந்நியர்கள் முன்னால் திரும்பத் திரும்பப் பேசவைப்பது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது. அதனால்தான் 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த, சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் நிறுவனத்தின் கையில் விசாரணையைக் கொடுக்கவில்லை. 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழுள்ளவர் செய்ததைச் சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். குருவானவர்களுக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் ராஜூரா என்ற ஊரின் பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்கு நேர்ந்ததை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர்மீது தொடரப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, தெரிந்தும் சொல்லாதிருப்பது கடுமையான குற்றம் என்றது.

உங்கள் தோழனுக்கு நடந்தது அந்தச் சட்டத்துக்கு முந்தியது, பழைய தண்டனைச் சட்டத்தில்தான் வரும். முப்பது வருடம் ஆகிவிட்டதே என்று மாநிலத் தலைவர் சொன்னால் அவரிடம் கேளுங்கள்: மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் குற்றவியல் நடைமுறையில் காலவரம்பு எங்கே இருக்கிறது? சிறு குற்றங்களுக்குத்தான் அந்த வரம்பு. நடந்தது எந்தப் பிரிவில் வரும் என்பதை ஒரு குற்றவியல் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்றை நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதர் மாலையில் போர்டிங் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். இதை எழுதும்போது உங்கள் கை நடுங்கவில்லையா? போக்சோவின் 19ஆம் பிரிவு நடந்துவிட்ட குற்றத்தை மட்டும் சொல்லவில்லை, குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் தோழன் எழுதியதைப் படித்துவிட்டீர்கள், அந்தப் பாதர் யாரோடு உட்கார்ந்து பாடம் நடத்துகிறார் என்பதும் தெரியும். இனி அந்த அச்சம் உங்களுடையது, மாநிலத் தலைவருடையதும்கூட. இந்தப் பதிலைப் படித்த கையோடு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்; அது சிங்கப்பூரிலிருந்து கிடைக்காவிட்டால் ஊரிலிருக்கும் தம்பியை அழைக்கச் சொல்லுங்கள். சிவகங்கையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அங்கே எழுத்தில் கொடுங்கள். மாநிலத் தலைவருக்கும் எழுத்திலேயே எழுதி, அந்தப் பாதரை இன்றே பிள்ளைகளிடமிருந்து விலக்கச் சொல்லுங்கள்.

குழுவில் உட்காராதீர்கள். ரகசியக் கையெழுத்தும் போடாதீர்கள். உங்கள் தோழனைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பாதரின் நல்ல குணங்களைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். கொடுப்பதென்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அவரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். போவதற்கு முன்னால் அந்தப் பாதர் எந்தெந்த ஆண்டில் எந்தெந்த ஊரில் பணியாற்றினார் என்ற பட்டியலைத் தயார் செய்துகொள்ளுங்கள். சபையின் பழைய கையேடுகளைத் தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே, அங்கே போர்டிங் இருந்ததா என்று எழுதிவையுங்கள்.