கூப்பிய கைகளா, சுவரைப் பிளந்து வரும் வெளிச்சமா?

கேள்வி: எங்கள் பங்கின் பழைய ஆலயத்தில் இடம் போதவில்லை, சுவர்களும் பழுதாகிவிட்டன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்திருக்கிறோம். ஆர்க்கிடெக்ட் இரண்டு வரைபடங்கள் கொடுத்திருக்கிறார். முதலாவதில் கூரை முழுவதும் கூப்பிய கைகள் போல மேலெழுகிறது. இரண்டாவது, செங்கல் சுவர்கள் கொண்ட எளிய நீள்சதுரக் கட்டடம். பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் சிலுவை வடிவில் ஒரு பிளவு, அதன் வழியே வெளிச்சம். இரண்டிலும் கோபுரம் இல்லை. பெரியவர்கள் “கோவில் மாதிரியே இல்லையே” என்கிறார்கள். இளைஞர்களுக்கு முதல் வரைபடம் பிடித்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? – கட்டடக் குழுச் செயலாளர்

பதில்: என் வாக்கு இரண்டாவது வரைபடத்துக்கு. ஆனால் அதை அப்படியே கட்டிவிடாதீர்கள். திருத்த வேண்டியவை சில இருக்கின்றன. உங்கள் பெரியவர்களின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது.

வழிபாட்டுக் கட்டடத்தில் ஒரு சின்னத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, அது எதைப் போல இருக்கிறது என்பதை அல்ல. உள்ளே வருபவரை அது என்ன செய்ய வைக்கிறது என்பதை. நடையைத் தளர்த்துகிறதா? இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கூட்டிச் செல்கிறதா? கூடியிருப்போரை ஒரே பீடத்தை நோக்கித் திருப்புகிறதா? அப்படி ஏதாவது செய்தால் அந்தச் சின்னம் தலைமுறைகள் தாங்கும். வெறும் உருவ ஒற்றுமையாக நின்றுவிட்டால், திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் யார் கண்ணிலும் அது படாது.

முதல் வரைபடத்தை இந்தக் கேள்வியோடு பாருங்கள். கூப்பிய கைகள் உங்களுக்குக் காட்டப்பட்ட படத்தில் எங்கிருந்து தெரிகின்றன? பெரும்பாலும் வானத்திலிருந்து பார்ப்பது போலத்தான் இத்தகைய படங்களை வரைவார்கள். சாலையில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து ஒரு படமும், கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவரின் பார்வையில் இன்னொரு படமும் கேட்டு வாங்குங்கள். கடைசி இருக்கையிலிருந்து கைகளே தெரியவில்லை என்றால், வழிபடும் மக்களுக்கு அந்தச் சின்னத்தில் பங்கே இல்லை. வளைந்த கூரையின் ஒவ்வொரு இணைப்பும் மழைநீர் புகக்கூடிய இடம் என்பதையும் மறக்க வேண்டாம். பராமரிப்புச் செலவு தலைமுறை தலைமுறையாகப் பங்கின் தலையில்தான் விழும்.

துணிச்சலான உருவங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1971-இல் முடிந்த புனித மரியா பேராலயத்தின் கூரையை மேலிருந்து பார்த்தால் சிலுவை தெரியும். அதே சிலுவை உள்ளே நிற்பவருக்கும் தெரியும் என்பதுதான் அதன் சிறப்பு. நான்கு பக்கங்களிலிருந்தும் ஏறிவரும் வண்ணக் கண்ணாடிப் பட்டைகள் உச்சியில் சந்தித்துச் சிலுவையாகின்றன. அண்ணாந்து பார்த்தால் போதும். ஆனாலும் வெளித்தோற்றத்தைப் பார்த்த நகர மக்கள், சலவை இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றின் பெயரைச் சேர்த்து அதற்குக் கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள். உருவத்தை நம்பி ஒரு கட்டடத்தை நிறுத்தினால், அந்த உருவத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை பார்ப்பவர் கைக்குப் போய்விடும்.

பிரேசிலியா பேராலயத்தையும் பாருங்கள். ஆஸ்கார் நீமாயர் வடிவமைத்தது, 1970-இல் அர்ச்சிக்கப்பட்டது. பதினாறு வளைந்த கான்கிரீட் தூண்கள் வானத்தை நோக்கி விரிகின்றன. விண்ணை நோக்கி உயர்த்திய கைகள் என்பார்கள் சிலர், முள்முடி என்பார்கள் சிலர். அந்தக் கட்டடத்தின் வலிமை அதன் வாசலில் இருக்கிறது என்பது என் எண்ணம். உள்ளே போக வேண்டுமானால் தரைக்குக் கீழே இறங்கும் இருண்ட பாதையில் நடக்க வேண்டும். அது முடிந்ததும் கண்ணாடிக் கூரையின் கீழ் வெளிச்ச வெள்ளத்தில் நிற்பீர்கள். கல்லறையும் உயிர்ப்பும் அங்கே படமாக வரையப்படவில்லை. வருபவரின் கால்களும் கண்களுமே அதை உணர்ந்துகொள்கின்றன. உங்கள் முதல் வரைபடத்தில் இப்படி ஒரு நடை இருக்கிறதா? இருந்தால் என் கருத்தை மறுபரிசீலனை செய்யத் தயார். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வரைபடத்தின் மூலம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஜப்பானின் ஒசாகாவுக்கு அருகே இபராகியில் 1989-இல் தடாவோ ஆண்டோ கட்டிய ஒளியின் ஆலயம் அது. சிறிய கட்டடம், 5.9 மீட்டர் கனசதுரங்கள் மூன்றை வரிசையாக வைத்த அளவுதான். பணம் குறைவாக இருந்ததால் தரைக்கும் இருக்கைகளுக்கும் சாரப் பலகைகளையே பயன்படுத்தினார்கள். தரை பீடத்தை நோக்கிச் சரிகிறது. போதகர் மக்களைவிட உயரத்தில் நிற்பதில்லை. பீடத்தின் பின்சுவரில் சிலுவைப் பிளவு விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஓடுகிறது. உள்ளே சூழ்ந்திருக்கும் இருட்டு இல்லாமல் அந்தச் சிலுவை இல்லை. பக்கச் சுவர்களில் நான்கு பெரிய ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தால் அது வெறும் விரிசலாகத்தான் தெரிந்திருக்கும். பிளவில் கண்ணாடியே வேண்டாம், காற்றும் உள்ளே வரட்டும் என்பது ஆண்டோவின் விருப்பம். குளிரில் உட்கார வேண்டியவர்கள் சபையார். அவர்கள் கேட்டுக்கொண்டபடி கண்ணாடி போடப்பட்டது.

இதை உங்கள் ஆலயத்துக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல்கள் வரும்.

இபராகியில் இருப்பது புராட்டஸ்தாந்து சபை. அங்கே வெற்றுச் சிலுவை போதும். உங்களுடையது கத்தோலிக்கப் பங்கு. பீடத்தின் மீதோ அதற்கு அருகிலோ, அறையுண்ட கிறிஸ்துவின் உருவத்தோடு கூடிய சிலுவை இருக்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விதிகள் சொல்கின்றன. ஒளிப் பிளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பாடுபட்ட சுரூபத்துக்கு ஈடாகாது. ஒரே சுவரில் ஒளிச் சிலுவையும் அதன் மேல் சுரூபமும் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் சுரூபம் கருநிழலாகிவிடும். சுரூபத்தைப் பீடத்தின் பக்கவாட்டில் தனியாக நிறுத்தி, மேலிருந்து மென்மையான வெளிச்சம் விழச் செய்யுங்கள். அல்லது பிளவைச் சிலுவையாக வெட்டாமல் ஒற்றை நெடுங்கோடாக விட்டுவிட்டு, சிலுவை என்ற பொறுப்பைச் சுரூபத்திடமே கொடுத்துவிடலாம். எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கிறது.

பீடத்துக்குப் பின்னால் பளீரென்ற பிளவு இருந்தால், திருப்பலி நிறைவேற்றும் பங்குத்தந்தையின் முகமும் இருளும். மக்களின் கண்ணும் கூசும், முதியவர்களுக்கு இன்னும் அதிகமாக. பிளவின் உள்விளிம்புகளைச் சாய்வாகச் செதுக்கினால் வெளிச்சம் படிப்படியாக மங்கிச் சுவரோடு கலக்கும். பிரான்சின் ரோன்ஷானில் 1955-இல் லெ கொர்பூசியே கட்டிய சிற்றாலயத்தின் தடித்த தெற்குச் சுவரில் ஜன்னல் குழிகள் அப்படித்தான் உள்நோக்கி விரிகின்றன. பீடத்தின் மேல் கூரையில் ஒரு மறைவான திறப்பு வைத்தால் முகத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

கட்டுமானத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆண்டோவின் சுவர் கம்பி கட்டிய கான்கிரீட். விளிம்பு வரை ஓடும் சிலுவைப் பிளவு ஒரு சுவரை நான்கு துண்டுகளாக்கும். மேலே இருக்கும் இரண்டு துண்டுகளுக்குக் கீழே தாங்கல் இருக்காது. வெறும் செங்கல்லில் அது நிற்காது. உள்ளே கான்கிரீட் அல்லது இரும்புச் சட்டம் தேவை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இதைப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள்.

மாலைத் திருப்பலியில் அந்தச் சிலுவை என்ன ஆகும் என்றும் கேளுங்கள். சூரியன் மறைந்த பிறகு உள்ளிருந்து பார்த்தால் அது கறுத்த பிளவு. ஆனால் உள்ளே விளக்கு எரியும்போது வெளியே சாலையில் போகிறவருக்கு ஒளிரும் சிலுவையாகத் தெரியும். பகலில் உள்ளே இருப்பவர்களுக்கு, இரவில் வெளியே இருப்பவர்களுக்கு. திட்டமிட்டே செய்தால் மிக அழகான ஏற்பாடு. அந்தச் சுவர் சாலையைப் பார்த்து இருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

இதையெல்லாம் வரைபடத்தை வைத்து வாதாட முடியாது. மாதிரி செய்து பார்த்துவிடுங்கள். இருபதில் ஒரு பங்கு அளவில் கெட்டி அட்டையால் ஆலயத்தைச் செய்யச் சொல்லுங்கள். இருபது மீட்டர் ஆலயம் ஒரு மீட்டர் பெட்டியாகிவிடும். உட்புறத்துக்கு உண்மையான சுவரின் நிறம் வேண்டும். வெள்ளை அட்டையாகவே விட்டால் வெளிச்சம் பொய் சொல்லும். கடைசி இருக்கை வரும் இடத்தில் கைபேசிக் கேமரா நுழையும் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். திருப்பலி நேரத்தில் அதை மனைக்கே கொண்டுபோய், சரியான திசையில் வைத்துப் படம் எடுங்கள். அளவைச் சுருக்கினாலும் வெளிச்சத்தின் இயல்பு மாறாது. பெட்டிக்குள் தெரிவது ஏறக்குறைய ஆலயத்துக்குள் தெரியப்போவதுதான். பங்குப்பேரவைக் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டினால் பாதி வாதம் அடங்கிவிடும்.

இனி பெரியவர்களின் குறைக்கு வருகிறேன். ஒவ்வொரு மதத்திலும் விதியால் வந்தது எது, வழக்கத்தால் வந்தது எது என்று பிரித்துப் பார்த்தால் பேச்சு எளிதாகும். 1986-இல் திறக்கப்பட்ட டெல்லி தாமரைக் கோவிலில் ஒன்பது பக்கங்கள் இருப்பது பஹாய் மரபின் கட்டாயம்; இருபத்தேழு இதழ்கள் கொண்ட தாமரை உருவம் கட்டடக் கலைஞர் ஃபரிபோர்ஸ் சஹ்பாவின் தேர்வு. மசூதிக்குத் தொழுகைத் திசை கட்டாயம், குவிமாடம் வழக்கம். டாக்காவில் மரீனா தபசும் 2012-இல் கட்டி முடித்த பைத்துர் ரவூஃப் மசூதியில் குவிமாடமும் இல்லை, மினாரும் இல்லை. தொழுகைத் திசையில் சுவரில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு, கூரையில் சிதறிய சிறு துளைகள், தரையில் நகரும் ஒளிப்பொட்டுகள். அதற்கு 2016-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. உங்கள் ஆலயத்தில் பீடம் சுவரை விட்டுத் தள்ளி, சுற்றிவர இடத்தோடு நிற்க வேண்டும் என்று விதிகள் எதிர்பார்க்கின்றன. கோபுரம் வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை.

விதி இல்லை என்பதற்காகக் கோபுரத்தைக் கைவிட வேண்டியதும் இல்லை. இஸ்லாமாபாத்தின் ஃபைசல் மசூதியை வேதாத் தலோகாய் குவிமாடமே இல்லாமல், கூடாரத்தின் சாயலில் வடிவமைத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1986-இல் அது முடிந்தது. இன்று அந்நாட்டின் ஐயாயிரம் ரூபாய் நோட்டில் இருக்கிறது. குவிமாடத்தை விட்டவர் நான்கு மினார்களை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். புதுமைக்கு நடுவே மக்களுக்குத் தெரிந்த ஓர் அடையாளத்தை அவர் நிலைநிறுத்தினார். உங்கள் ஆலயத்துக்கும் தனியாக, எளிமையாக ஒரு மணிக்கோபுரம் எழுப்பலாம். ஆலயம் இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்து காட்டும், மணியோசையை வீடுகளுக்குக் கொண்டுபோகும். வேலை செய்கிற சின்னம் அது. ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

பெரியவர்கள் உண்மையில் இழக்க அஞ்சுவது கோபுரத்தைவிடப் பழைய ஆலயத்தையே என்று நினைக்கிறேன். தங்கள் திருமணமும் பெற்றோரின் அடக்கத் திருப்பலியும் நடந்த இடம் அது. இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் 1940 நவம்பரில் குண்டுவீச்சில் எரிந்தது. போட்டியில் வென்ற பேசில் ஸ்பென்ஸ், இடிபாட்டை அப்படியே விட்டு அதன் பக்கத்திலேயே புதிய ஆலயத்தைக் கட்டினார். 1962-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. பழைய கூரையின் கருகிய உத்திரங்களை இணைத்துச் செய்த சிலுவையை அங்கே போற்றிப் பாதுகாக்கிறார்கள். நீங்கள் இடிக்கத் தொடங்கும் முன் பழைய மணி, திருமுழுக்குத் தொட்டி, வாசல் கதவு, பீடத்தின் கல் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப் பொருளாக வைக்காமல், பழைய கதவைப் புதிய வாசலிலேயே மாட்டுங்கள். மணி புதிய கோபுரத்தில் ஒலிக்கட்டும். தொட்டியை நுழைவாயிலுக்கு அருகே வையுங்கள்: திருமுழுக்கு வழியாகத் திருச்சபைக்குள் வருகிறோம் என்பதை, தண்ணீரைத் தொட்டுச் சிலுவை வரைந்துகொண்டு உள்ளே வரும் ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே சொல்லிவிடுவார்கள்.

ஆர்க்கிடெக்டிடம் எத்தனை படிகள், எத்தனை தூண்கள், எத்தனை ஜன்னல்கள் என்று எண்களுக்கு அர்த்தம் கற்பிக்கும் குறிப்பேடு கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம். அப்படியான எண்கள் விழா மலரோடு முடிந்துவிடும்.

நடைமுறையில் ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மறைமாவட்ட ஆயரின் வெளிப்படையான எழுத்துபூர்வமான இசைவு இல்லாமல் ஆலயம் கட்டக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். எல்லாம் முடிவான பிறகு கையெழுத்துக்குப் போவதைவிட, இந்த இரண்டு வரைபடங்களையும் அட்டை மாதிரியின் படங்களையும் எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையோடு இப்போதே போய்ப் பேசுங்கள். சுரூபம் எங்கே, பீடம் எங்கே, நற்கருணைப் பேழை எங்கே என்ற கேள்விகள் அங்கே கட்டாயம் எழும். அவற்றுக்கு விடை கிடைத்த பிறகு ஆர்க்கிடெக்ட் சுவர்களை நகர்த்துவது எளிது. அஸ்திவாரம் போட்ட பிறகு எளிதல்ல.