மார்ச் மாதத்தில் பர்டூ ரசிகர் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கேள்வி: பர்டூ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்துவிட்டு இப்போது இண்டியானாபோலிஸில் வேலை பார்க்கிறேன். படிக்கும் காலத்தில் மேக்கி அரீனாவில் பிடித்த கூடைப்பந்துப் பைத்தியம் இன்னும் விடவில்லை. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை எங்கள் அணி ஜெயித்துக்கொண்டே வரும். கல்லூரி அணிகளின் தேசியத் தொடரான என்.சி.ஏ.ஏ. வந்தால் ஏதாவது ஆகிவிடும். 2023-ல் 16-ம் சீடு, அதாவது தரவரிசையில் கடைசி இடம் பெற்ற அணியிடம் தோற்றோம். 2024-ல் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றோம். 2025-ல் எங்கள் ஊரிலேயே கடைசி விநாடியில் தோற்றோம். கோச் மேட் பெயின்டரை மாற்றினால்தான் விடிவு என்கிறார்கள் நண்பர்கள். 11 வயது மகன் ஒவ்வொரு மார்ச்சிலும் அழுகிறான். நாங்கள் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்? டிக்கெட், ஹோட்டல் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைக்கலாமா?

பதில்: உங்கள் அணிக்கு எந்த சீடு கிடைக்கிறதோ, அந்த சீடுக்கு உரிய வெற்றிகளை எதிர்பாருங்கள். அதையும் ஒரே ஆண்டில் எதிர்பார்க்காமல் நாலைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். கோப்பையை எதிர்பார்ப்பது வேறு, கோப்பைக்கு ஆசைப்படுவது வேறு. ஆசை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். எதிர்பார்ப்புக்குக் கணக்கு இருக்கிறது.

1985-ல் தொடர் 64 அணிகளாக விரிந்தது (2011-ல் தகுதிச் சுற்றோடு சேர்த்து 68 ஆனது). அன்றிலிருந்து நான்கு பிரிவுகளிலும் 1 முதல் 16 வரை சீடு கொடுக்கிறார்கள். கோப்பைக்கு ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் வீடுதான். இத்தனை ஆண்டுச் சராசரியில் முதல் சீடு அணி ஒரு தொடரில் பெறுவது சுமார் 3.3 வெற்றி. இரண்டாம் சீடுக்கு 2.3, மூன்றாம் சீடுக்கு 1.8, நான்காம் சீடுக்கு ஒன்றரை, ஐந்தாம் சீடுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். நாட்டிலேயே முதல் நான்கு அணிகளில் ஒன்று என்று தேர்வுக்குழு முத்திரை குத்திய அணிகூடச் சராசரியாக நாலாவது ஆட்டத்தோடு நின்றுவிடுகிறது. 2025-ல் நான்கு முதல் சீடுகளும் ஃபைனல் ஃபோருக்கு (அரையிறுதிக்கு) வந்தன. அதற்கு முன் அப்படி நடந்தது 2008-ல் ஒரே ஒரு தடவைதான்.

இப்போது பர்டூவின் கணக்கு. 2016 முதல் 2025 வரை, கொரோனாவால் ரத்தான 2020 போக, ஒன்பது தொடர்கள். வரிசையாகக் கிடைத்த சீடு 5, 4, 2, 3, 4, 3, 1, 1, 4. வரிசையாக வந்த வெற்றி 0, 2, 2, 3, 0, 2, 0, 5, 2. மொத்தம் 16. அந்த சீடுகளுக்கான சராசரிகளைக் கூட்டினால் 18 வருகிறது. ஒன்பது தொடர்களில் இரண்டு வெற்றி குறைவு, அவ்வளவுதான். 2023-ல் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது மட்டும் மூன்றுக்கு மேல் தின்றுவிட்டது. அந்த ஒரு இரவை எடுத்துவிட்டால் பர்டூ சராசரிக்கு மேலேயே நிற்கிறது.

அந்த இரவை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது என்பீர்கள். சரி, அதையே பார்ப்போம். கொலம்பஸ் நகரில் ஃபேர்லி டிக்கின்சன் 63, பர்டூ 58. கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி ஃபேர்லி டிக்கின்சன். தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த அணி. எதிரே 7 அடி 4 அங்குல ஜாக் ஈடி. அவர்கள் ஈடியின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்தி உள்வட்டத்தை அடைத்துவிட்டு, வெளியே நின்றவர்களை எறிந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். பர்டூ 26 த்ரீ பாயிண்டர் (தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறுவது) எறிந்து 5 போட்டது. கூடவே 16 டர்னோவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது). பந்தைக் கொண்டுவரும் இருவரும், பிரேடன் ஸ்மித்தும் பிளெச்சர் லோயரும், முதலாமாண்டு மாணவர்கள்.

26-ல் 5 என்பது எவ்வளவு மோசம்? 35 சதவீதம் போடும் அணி 25 த்ரீ எறிந்தால் சராசரியாக 9 விழும். ஆனால் எந்தக் குறையும் இல்லாமல், வெறும் ஏற்ற இறக்கத்தாலேயே அது 6-க்கும் 11-க்கும் நடுவே ஆடும். இரண்டுக்கும் இடையில் 15 புள்ளி வித்தியாசம். ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் கிடைப்பது ஏறத்தாழ 67 தடவை பந்து. இந்தச் சின்ன எண்ணிக்கையில் திறமை வித்தியாசம் முழுதாக வெளிப்பட நேரம் போதாது. என்.பி.ஏ. போல ஏழு ஆட்டத் தொடராக இருந்தால் ஃபேர்லி டிக்கின்சன் தாக்குப்பிடித்திருக்காது. ஒரே ஆட்டம் என்பதால்தான் இந்தத் தொடருக்கு இத்தனை மவுசு, அதனால்தான் உங்கள் வீட்டில் அழுகையும்.

அதிர்ஷ்டம் உங்களுக்கு எதிராகப் புரண்டதை 2019-லேயே பார்த்திருப்பீர்கள். வர்ஜீனியாவுக்கு எதிரான காலிறுதி, கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளி. 5.9 விநாடி மிச்சம், பர்டூ 70-68 முன்னிலை. வர்ஜீனியாவின் டை ஜெரோம் எறிந்த ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறி) தவறியது. அந்தப் பந்தை மமாடி டியாகிட்டே கையால் தட்டிவிட, அது பின்பக்கம் மைதானத்தின் மறுபாதிக்கே ஓடியது. கிஹே கிளார்க் துரத்திப் பிடித்து அங்கிருந்தே நீளமாக வீசினார். டியாகிட்டே வாங்கி எறிந்தார், மணி அடிக்கும்போது பந்து உள்ளே. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 80-75. அந்த வர்ஜீனியாதான் கோப்பையை எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 16-ம் சீடு அணியிடம் 54-74 என்று தோற்று, வரலாற்றில் முதல்முறையாக அப்படி வெளியேறிய முதல் சீடு என்று பெயர் வாங்கியதும் அதே வர்ஜீனியா, அதே கோச் டோனி பென்னட். 2018-ல் அவரை மாற்றியிருந்தால் 2019 இருந்திருக்காது.

பெயின்டர் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றச் சொல்லும் உங்கள் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சொல்வதில் நியாயமான ஒரு பகுதி உண்டு: 2016-ல் 12-ம் சீடு லிட்டில் ராக், 2021-ல் 13-ம் சீடு வட டெக்சாஸ், 2022-ல் 15-ம் சீடு செயின்ட் பீட்டர்ஸ், 2023-ல் 16-ம் சீடு. எல்லாமே அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. உயரமான ஒருவரைச் சுற்றிக் கட்டிய அணி, வேகமான சின்ன கார்டுகள் (பந்தை நடத்தும் வெளிவட்ட வீரர்கள்) நெருக்கினால் பந்தை இழக்கிறது. இது ஆட்டக் கோளாறு. ஆனால் அந்தக் கோளாறை அவர் சரிசெய்ய முயன்றாரா இல்லையா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2023 தோல்விக்குப் பிறகு தெற்கு இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸைக் கொண்டுவந்தார். பந்தை நடத்தவும் எதிரணி கார்டுகளை மறிக்கவும் அனுபவமுள்ள மூன்றாவது ஆள் கிடைத்தது. ஸ்மித்தும் லோயரும் ஓராண்டு முதிர்ந்தார்கள். அந்த 2024 அணி 40 சதவீதத்துக்கு மேல் த்ரீ போட்டு, 1980-க்குப் பிறகு முதல்முறையாக ஃபைனல் ஃபோரை எட்டியது.

இறுதியில் கனெக்டிகட் செய்தது ஃபேர்லி டிக்கின்சன் செய்ததற்கு நேர் எதிர். ஈடி போட்டால் போடட்டும் என்று பெரும்பாலும் டானவன் கிளிங்கனை ஒற்றையாக விட்டுவிட்டு, வெளியே நின்றவர்களை விட்டு நகரவே இல்லை. ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டூவால் ஆட்டம் முழுக்க ஏழே ஏழு த்ரீ தான் எறிய முடிந்தது, விழுந்தது ஒன்று. 75-60. இதில் கோச்சின் மேல் என்ன குறை சொல்வது? எதிரணி மேலான அணி. 2025-லும் அப்படித்தான். நான்காம் சீடாக வந்து, முதல் சீடு ஹூஸ்டனோடு 60-60 வரை நின்று, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்ட மிலோஸ் உசானே அதைத் திரும்ப வாங்கி 0.9 விநாடி மிச்சமிருக்கும்போது லே-அப் (கூடையின் அருகில் போய்ப் போடுவது) போட்டதில் தோற்றது. ஒன்றரை வெற்றி எதிர்பார்க்க வேண்டிய சீடு, இரண்டு வெற்றி எடுத்தது. மனம் வலிக்கலாம், ஏமாந்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்த தொடருக்கு நீங்களே போடக்கூடிய கணக்கு இது. செலக்‌ஷன் சண்டே (அணிகளை அறிவிக்கும் ஞாயிறு) அன்று மாலை பிராக்கெட் (யாரோடு யார் என்ற அட்டவணை) வந்ததும், நல்ல தரவரிசை ஒன்றை (கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளியியலாளர் கென் பொமராயினுடையது போதும்) எடுத்து, வரக்கூடிய எதிரணிகளோடு உங்கள் அணிக்குள்ள புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். அது 100 தடவை பந்துக்கான கணக்கு என்பதால் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். பொது மைதானத்தில் 3 புள்ளி மேல் என்றால் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம், 6 புள்ளி என்றால் 70, 10 என்றால் 82, 20 என்றால் 96. ஆறு ஆட்டத்துக்கும் எழுதிப் பெருக்குங்கள். உதாரணமாக பலமான முதல் சீடு ஒன்றுக்கு 98, 85, 72, 62, 55, 52 என்று வைப்போம். முதல் வாரம் தாண்ட 83 சதவீதம். ஃபைனல் ஃபோருக்கு 37. கோப்பைக்கு 10 அல்லது 11. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிப்போம் என்று நம்பக் காரணம் இருக்கிறது, ஆனாலும் கோப்பைக்குப் பத்தில் ஒரு பங்குதான். பத்து ஆண்டு விடாமல் இதே பலத்தோடு வந்தாலும், ஒரு கோப்பைகூடக் கிடைக்காமல் போக மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நல்ல கோச், நல்ல அணி, வெறும் கை, மூன்றும் ஒன்றாக இருக்க முடியும்.

இதில் பலரும் வழுக்கும் இடம், அதற்குச் சற்று முன் நடக்கும், பர்டூ ஆடும் பிக் டென் லீக்கின் தொடர் முடிவை வைத்து முடிவுகட்டுவது. 2023-ல் அந்தக் கோப்பையை வென்ற ஐந்தாம் நாள்தான் ஃபேர்லி டிக்கின்சன். 2024-ல் அரையிறுதியில் விஸ்கான்சினிடம் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டு, அடுத்து நாட்டின் இறுதிப் போட்டி. அந்தத் தொடரில் கவனிக்க வேண்டியது காயம் மட்டுமே. 2018-ல் ஐசக் ஹாஸ் முதல் ஆட்டத்திலேயே முழங்கை எலும்பு முறிந்து வெளியேறியபோது, அதுவரை போட்ட கணக்கு அத்தனையும் மாறிப்போனது. முக்கிய ஆள் ஒருவர் இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் சில புள்ளிகளைக் கழித்துவிட்டுப் புதிதாகப் பெருக்குங்கள்.

மகனுக்கு: "இன்று கண்டிப்பாக ஜெயிப்போம்" என்று சொல்லாதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து சதவீதத்தைக் கணித்து ஒரு தாளில் எழுதுங்கள். பதினொரு வயதுக்கு இந்தப் பெருக்கல் எளிது. ஆட்டத்தின்போது அவன் கையில் ஸ்கோர் தாள் கொடுத்து மூன்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: பர்டூவின் டர்னோவர் 12-க்குள் இருக்கிறதா, எறிந்த பந்து தவறியபின் நம் ஆள் எத்தனை தடவை பிடித்தார், ஆளில்லாமல் எறிந்த த்ரீ எத்தனை. தோற்றாலும் எங்கே தோற்றோம் என்று அவனே சொல்வான். அழுதால் அழட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் அவன் முன்னால் எந்த வீரரையும் திட்ட வேண்டாம், உங்கள் நண்பர்கள் வீரர்களின் பக்கங்களில் போய் எழுதுவதையும் அவன் பார்க்க வேண்டாம். ஃப்ரீ த்ரோ தவறவிட்டவனுக்கு வயது 19 அல்லது 20. பர்டூ ஆட்டத்தில் பணம் கட்டுவதையும் அடியோடு விடுங்கள். இண்டியானாவில் சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு விஷயம். பணம் உள்ளே போனால் இதுவரை சொன்ன எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

டிக்கெட். முதல் வாரம் எட்டு ஊர்களில் நடக்கும். ஊர்ப் பட்டியல் முன்பே தெரியும், எந்த அணி எங்கே என்பது செலக்‌ஷன் சண்டே அன்றுதான். முதல் நான்கு சீடுகளை முடிந்தவரை பக்கத்தில் போடுவார்கள் என்றாலும் உறுதியில்லை. 2024-ல் பர்டூவுக்கு இண்டியானாபோலிஸே கிடைத்தது. 2025-ல் முதல் வாரத்துக்கு ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் வரை போக வேண்டியிருந்தது. எனவே பணம் திரும்பக் கிடைக்கும் ஹோட்டல் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள், ரத்து செய்யக் கடைசி நாளைக் குறித்து வையுங்கள். முதல் சுற்று நாளில் மதியம் ஒரு காட்சி, மாலை ஒரு காட்சி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டம், தனித்தனி டிக்கெட். பர்டூ எந்தக் காட்சியில் ஆடுகிறது என்று ஆட்ட நேரம் அறிவித்த பிறகு அதை மட்டும் வாங்குங்கள். இரண்டாம் சுற்று டிக்கெட்டை இப்போதே வாங்க வேண்டாம். முதல் சுற்றில் தோற்ற அணிகளின் ரசிகர்கள் அன்றிரவே விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள், பெரும்பாலும் விலை அப்போதுதான் இறங்கும். பர்டூ ஜெயித்தபின் அன்றிரவு பத்து மணிக்கு மேல் பாருங்கள்.

ஃபைனல் ஃபோர் நடப்பது அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தில். விலை குறைந்த மேல்தட்டு இருக்கையிலிருந்து பார்த்தால் பெரிய திரையைத்தான் பார்ப்பீர்கள், 11 வயதுப் பையனுக்கு அது பெரிய ஏமாற்றம். அந்தப் பணத்தில் முதல் வாரத்து ஆட்டத்துக்கே கீழ்த்தட்டில் இரண்டு இருக்கை எடுங்கள்.