14 வயது மகனுக்கு எடையும் அதிகம், சிஆர்பியும் அதிகம். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடுமா?

"உயரம் போட்டால் உடம்பு வற்றிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகிக்கிறேன்: ரிப்போர்ட்டில் அந்த ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது, உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. நான் டாக்டர் இல்லை, இதையெல்லாம் ஒரு சுற்று பார்த்த அம்மா.

சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் புரதம். உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் ஏறும். சாதாரணக் காய்ச்சலுக்கும், பல் சீழுக்கும்கூட. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் டாக்டர்கள் முதலில் தொற்றையோ காயத்தையோதான் தேடுவார்கள். பருமனால் வருவது பெரும்பாலும் அதற்குக் கீழே, மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து கூடி, டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. அதனால் தசையிலும் கல்லீரலிலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பருவ வயதில் இயல்பாகவே இந்த இன்சுலின் எதிர்ப்பு கொஞ்சம் கூடும். அதன் மேல் இதுவும் ஏறிக்கொள்கிறது. பெரியவர்கள் சொல்வது பாதி சரி. எடை அப்படியே நின்று உயரம் கூடினால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இறங்கும். ஆனால் எடை அப்படி நிற்பது தானாக நடப்பதில்லை. டீன் வயதில் பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள்.

என் மகளுக்கு 13 வயதில் பின்கழுத்து கறுக்கத் தொடங்கியது. "தேய்ச்சுக் குளிக்க மாட்டியாடி?" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. அவளும் தோல் சிவக்கத் தேய்ப்பாள், கறுப்பு போகாது. எனக்கு அது அழுக்காகத் தோன்றவில்லை, தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்தவுடனே, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கும், ரத்தத்தில் அப்படிக் கூடினால் இப்படி வரும் என்றார். பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.8, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 170க்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ். கல்லீரல் என்சைமும் கூடியிருந்தது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்கு மேல்.

அப்புறம் வீட்டில் எல்லாருக்குமே இனிப்புப் பானம் நின்றது. அவளுக்கு மட்டும் தனித் தட்டு வைக்கவில்லை. அப்படி வைத்தால் அது தண்டனை. சாயங்காலம் நடனம், அது அவளே கேட்டது. இரவில் போன் கூடத்தில்தான் இருக்கும். அந்த வயதுக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். எடை பார்க்கும் மெஷினைப் பரணில் போட்டேன்.

சில மாதம் கழித்து அதே உறவுக்காரர்கள், "இளைச்ச மாதிரியே தெரியலையே" என்றார்கள். எடை பெரிதாகக் குறையவில்லைதான். ஆனால் டிரைகிளிசரைடு 150க்குக் கீழே வந்திருந்தது, எச்பிஏ1சி 5.5, கல்லீரல் என்சைம் இயல்பு நிலை. அந்த ரிப்போர்ட்டை வாசல் கதவில் ஒட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

"குழந்தையை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று யாராவது கேட்பீர்கள். ஏற்றுக்கொண்டதால்தான் கழுத்தைத் தேய்க்கச் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். இதெல்லாம் எல்லாருக்கும் போதும் என்றும் சொல்லவில்லை. 12 வயதுக்கு மேல் சிலருக்கு மருந்தும் தருகிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசும் கூட்டத்தில் நான் இல்லை.

உங்கள் மகனுக்குச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத சமயத்தில் சிஆர்பியை இன்னொரு முறை பாருங்கள். அதைவிட முக்கியம் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்சைம். இவற்றைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மகளின் பள்ளியிலோ பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது விளையாட்டு பீரியட். அதே பள்ளியில் வகுப்பின் முன் நிற்கவைத்து எடை பார்த்து, எண்ணைச் சத்தமாக வாசித்தார்கள். ஏன் என்று போய்க் கேட்டேன். "வெட்கப்பட்டாவது குறைப்பாங்க மேடம்" என்றார் ஆசிரியர். அந்த வாரம் முழுக்க அவள் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தாள். எழுத்திலும் புகார் கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை. விளையாட்டு பீரியடில் இப்போதும் கணக்குதான் நடக்கிறது.